பனங்காட்டில் இறங்கி மலைக்கு ஏறிய வேன்

ஊரைச் சுற்றிக் காட்டுவது சுலபம். 'நான் நினைச்ச மாதிரி இல்லையே' என்கிறவர்களைச் சமாளிப்பதுதான் டூர் மேனேஜரின் தொழில். தாம்பரத்திலிருந்து இலங்கைக்கு ஆட்களைக் கூட்டிப்போகிறேன். சொந்தக்காரர்களோடு வேன் பிடித்து ஊர் சுற்றியவர்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும்.

அருவி எங்கே?

கீழ்க்கட்டளை அருள்ராஜ் சார் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். யாழ்ப்பாணத்தில் விமானம் இறங்கியதுமே அருவியைத் தேடினார். சுற்றிலும் செம்மண், பனை, வெயில். "மலையெல்லாம் நடுவுல இருக்கு சார், அப்புறம் போவோம்" என்றேன். முகம் தெளியவில்லை.

வழியில் வெங்காயத் தோட்டம் ஒன்றைப் பார்த்து வேனை நிறுத்தச் சொன்னார். ஆறே இல்லாத ஊரில் இவ்வளவு விளைவது எப்படி என்று தோட்டக்காரரைக் கேட்டார். அவர் கிணற்றைக் காட்டினார். சார் எட்டிப் பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் மதியச் சாப்பாடு ஆறிப்போனது. வேனில் ஏறியதும் சொன்னார்: "நம்ம ஏரியாவுல கிணத்தையெல்லாம் மூடி ஃப்ளாட் கட்டிட்டு, இங்க வந்து எட்டிப் பாக்கறோம் தம்பி."

பனிக்குள் போனவர்

மேடவாக்கம் ஏகாம்பரம் அண்ணனுக்கு முன்பு வயல், இப்போது ஹார்டுவேர் கடை. "தீவுன்னா கடல்தானே, இன்னாத்துக்கு ஸ்வெட்டர்?" என்று வேட்டியும் அரைக்கைச் சட்டையுமாக ஹார்ட்டன் சமவெளிக்கு வந்துவிட்டார். மலை உச்சியில் பரந்த புல்வெளி. ஓரத்தில் தலைசுற்ற வைக்கும் பள்ளம். பாதி வழியில் பனி மூடியது. திரும்பிப் பார்த்தால் அண்ணனைக் காணோம். போனும் எடுக்கவில்லை.

அந்தப் பள்ளம்தான் நினைவுக்கு வந்தது. பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே வந்த வழியில் ஓடினேன். பாதையோரம் குந்தி உட்கார்ந்திருந்தார். எதிரே பெரிய கொம்போடு ஒரு மான் புல் மேய்ந்துகொண்டிருந்தது. குளிரில் பல் தந்தியடிக்க, என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்: "கத்தாத சார், அது துன்னுகினு கீது."

அக்கா பிறந்த வீடு

பொத்தேரியில் மாணவர்களுக்கு மெஸ் நடத்தும் ராணி அக்கா, ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே, இரு நாட்டு அரசுகளும் போட்ட ஒப்பந்தப்படி குடும்பத்தைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். "அந்த வீட்டை ஒரு தடவை பாக்கணும்" என்றார். அது எங்கள் திட்டத்தில் இல்லை. மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று பயந்தேன். வேன் முழுக்கக் கூட வந்தது.

வரிசையாக ஒட்டிக் கட்டிய லயன் வீடுகள். அக்காவின் அப்பா சொல்லியிருந்த கோடி வீட்டைத் தட்டினோம். கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்த லெட்சுமி கதவைத் திறந்தார். விஷயத்தைக் கேட்டதும் உள்ளே உட்கார வைத்துத் தேநீர் போட்டார். அக்கா சுவரைத் தடவியபடி கேட்டுக்கொண்டே இருந்தார்: மழைக்கு ஒழுகுமா, தண்ணீர் எங்கிருந்து வரும், பிள்ளைகள் எங்கே படுப்பார்கள்? லெட்சுமி பொறுமையாகச் சொல்லி முடித்துவிட்டு, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க பூட்டனுக்குப் புதுக்கோட்டைப் பக்கமாம். நீங்க பாத்திருக்கீங்களா அக்கா, அது எப்படி இருக்கும்?"

தீவைக் காட்டுகிறவன் நான் என்று என் ஆபீஸ் போர்டு மட்டும்தான் சொல்கிறது. பார்க்க வேண்டியதை எனக்குக் காட்டிக்கொண்டிருப்பவர்கள் என் வேனில் ஏறுகிறவர்கள்.