குழாய்த் தடத்தில் ஒரு வேலங்கன்று

பல்லடம் பக்கம் எங்கள் காட்டை ஒட்டியது மயில்சாமி அண்ணனின் மேய்ச்சல் காடு. நான் அருள்புரத்துப் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மண்ணைப் பற்றிப் பேச இவன் யார் என்று கேட்காதீர்கள், கூடவே இருந்து பார்த்தவன் நான்.

எரிவாயுக் குழாய் அந்தக் காட்டை நடுவில் பிளந்து போனது. பதினோரு வெள்வேல மரங்கள் விழுந்தன. மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைத்துத் திரும்ப மேலேயே போடுவோம் என்று குழாய்க்காரர்கள் சத்தியம் செய்யாத குறை. மூடும்போது எல்லாம் தலைகீழ். அடியில் கிடந்த சுண்ணாம்புக் கல் மேலே வந்துவிட்டது, ஒரு புல்லும் முளைக்கவில்லை. அந்த மர நிழலில் ஆடு மேய்த்த அவர் மனைவி சுப்பாத்தாள் அக்கா அதன்பின் காட்டுப் பக்கமே வரவில்லை.

அண்ணனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. புல் வந்தால் இவளும் வருவாள் என்று நம்பினார். எரு சேரட்டும் என்று ராத்திரியில் ஆடுகளைக் குழாய் போன தடத்தின் மேலேயே பட்டியில் அடைத்தார். அவர்கள் கொடுத்த காவல் வேலையையும் ஏற்றுக்கொண்டார். தினமும் தடத்தில் நடந்து, மரம் முளைக்காமல் பார்க்க வேண்டும். வேர் இறங்கினால் குழாய்க்கு ஆபத்தாம். புல் இருக்கலாம்.

நாற்பது வருடம் ஆடு வளர்த்த மனிதர் ஒன்றை மறந்துவிட்டார். ஆடு வேலங்காய் தின்னும், புழுக்கையில் விதை வரும். ஐப்பசி மழைக்குப் புல்லோடு வேலங்கன்றுகளும் கிளம்பின. அண்ணன் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். புல் வந்ததைக் கேட்டு வந்த அக்கா ஒன்றை மட்டும் பார்த்துவிட்டார். முள் அடைத்து, தினமும் சொம்புத் தண்ணீரோடு வந்தார். அண்ணன் இரண்டு வருடம் கண்டும் காணாமல் நடந்தார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

தை மாதம் அதிகாரிகள் வந்தார்கள். நாளைக்குள் கன்று இருக்கக் கூடாது என்றார்கள்.

“கொழாய்க்காரங்க எல்லைக்கல்லுத் தாண்டி வெச்சுட்டா யாரு கேப்பாங்க, கண்ணு?” என்று அண்ணன் கடப்பாரையை என் கையில் கொடுத்தார். இடுப்புயரக் கன்றுக்கு ஆள் உயரத்துக்கும் மேல் ஆணிவேர். பாதியிலேயே அறுந்தது. அப்படியே கொண்டுபோய் நட்டோம். ஒன்பதாம் நாள் இலையெல்லாம் கொட்டிவிட்டது.

அக்கா அழவில்லை. “ஏனுங்க, இனிப் பட்டி போடாதீங்க. மொளைக்க வெச்சு மொளைக்க வெச்சுக் கொல்றதுக்கு, அந்த மண்ணு சும்மாவே கெடக்கட்டுங்க” என்றார்.

அண்ணன் அன்றைக்கே பட்டியைப் பிரித்தார். வந்திருந்த புல்லும் அடுத்த கோடையில் போயிற்று. அக்கா வருவதில்லை. அண்ணன் இன்னும் தினமும் அந்தத் தடத்தில் நடக்கிறார். பிடுங்குவதற்கு அங்கே எதுவும் முளைப்பதில்லை.