மூன்றாம் நாள் வைத்தியம்

மாதாமாதம் விலக்கின் முதல் நாள் வந்தால் நான் குளியலறைத் தரையில்தான் கிடப்பேன். வாந்தி, வியர்வை, அடிவயிற்றில் முறுக்கு. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியதுதான் மிச்சம். ஆபீஸில் லீவு தீர்ந்துபோய், "பேசாம வேலைய விட்டுடேன்" என்று கணவர் ஆரம்பித்திருந்தார். அவருக்கென்ன, சொல்லிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

அப்போதுதான் அஸ்தினாபுரத்தில் இந்த வலிக்கு ஊசி குத்திக் கரண்ட் வைக்கும் அக்குபங்சர் டாக்டரம்மா ஒருவர் இருப்பதாகத் தெரிந்தது. மாமியார் தடுக்கவில்லை. "போ. ஆனா மூணாம் நாள் தலைக்குக் குளிச்சிட்டுப் போ. நாலு பேர் படுக்கற கட்டில்" என்றார். கீழ்க்கட்டளையில் அவர்களுக்கு வயல் இருந்த காலத்திலிருந்தே அந்த வீட்டுச் சட்டம் அது. நானும் ஈரத்தலையோடு போய்ப் படுத்தேன்.

"வலி எங்க இருக்கு?"

"இப்ப இல்ல டாக்டர். நேத்தோட போயிடுச்சு."

"பஸ் போனப்புறம் கை காட்டுறீங்களேம்மா! வலி வர்ற அன்னைக்கு வாங்க."

எனக்குச் சுருக்கென்றது. படித்து என்ன பிரயோஜனம், இது எனக்கே உறைக்கவில்லை பாருங்கள்.

அடுத்த மாதம் முதல் நாளே ஆட்டோ பிடித்தேன். வாசலில் மாமியார் முகம் கடுகடுவென்றிருந்தது. கிளினிக்கில் சாமி படத்தைப் பார்த்ததும் எனக்கே கால் தயங்கியது.

"டாக்டர், எனக்கு இன்னைக்கு முதல் நாள்..."

"எனக்கு ரெண்டாம் நாள்" என்றவர், படத்துக்கு ஊதுவத்தி ஏற்றிவிட்டுக் கை கழுவி வந்தார். "படுங்க."

அடிவயிற்றிலும் கணுக்காலுக்கு மேலும் ஊசிகள். அவற்றில் ஒயரை மாட்டி, சின்னப் பெட்டியின் திருகை மெல்லத் திருப்பினார். தோலுக்கடியில் ஏதோ டொக் டொக்கென்று தட்டியது. கால் தானாகத் துள்ளியது.

"ஜாஸ்தியா இருந்தா சொல்லுங்க. பல்லைக் கடிச்சிக்கினு இருக்காதீங்க."

கொஞ்ச நேரத்தில் முறுக்கு தளர்ந்தது. முழுதாக இல்லை. ஆனால் எழுந்து நிமிர்ந்து நின்றேன். அழுகை வந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியார் கேட்டார்: "அங்க சாமி படம் ஏதாவது இருந்துச்சா?"

"இருந்துச்சு அத்தை. டாக்டரம்மாவுக்கும் ரெண்டாம் நாளாம். அவங்களே ஊதுவத்தி ஏத்தினாங்க."

"ஐயய்யோ!" என்று வாயில் கை வைத்துக்கொண்டார். "அவங்கள கேட்க ஆளில்ல போல."

வலி எப்படி இருக்கிறதென்று அவரும் கேட்கவில்லை, கணவரும் கேட்கவில்லை. நானே சொன்னேன்: "பாதி குறைஞ்சிருக்கு. நாளைக்கு வேலைக்குப் போறேன்."