அடங்காதவர்கள் பட்டியலில் ரேவதி

ரேவதி என் பெயரைக் கரும்பலகையில் முதன்முதலாக எழுதியது, அவள் எங்கள் பள்ளிக்கு வந்த மூன்றாம் நாள். 'பேசியவர்கள்' என்ற தலைப்புக்குக் கீழே 'கஸ்தூரி'. அச்சில் வார்த்ததுபோல் அழகான கையெழுத்து. அதில் என் பெயரைப் பார்த்தபோது எனக்குக் கோபம்கூட உடனே வரவில்லை.

அவள் அப்பா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஊழியர். அரவங்காட்டிலிருந்து மாற்றலாகி, குடும்பத்தோடு ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்தார். பதினொன்றாம் வகுப்பு தொடங்கி ஒரு மாதம் ஆன பிறகுதான் ரேவதி வந்து சேர்ந்தாள். அதற்குள் எங்கள் வகுப்பில் யார் யாருக்குத் தோழி, எந்த பெஞ்ச் யாருடையது என்பதெல்லாம் முடிவாகிவிட்டது. போதாததற்கு அவள் எங்களையே 'நீங்க' என்று அழைத்தாள். "பேசாதீங்க" என்று அவள் கெஞ்சும்போது, "சரிங்கம்மா" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஜெகதீஷ் கைகட்டி எழுந்து நிற்பான்.

அவள் வந்தபோது ஜெகதீஷ்தான் லீடர். ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசுபவர்களின் பெயரை எழுதுவது லீடரின் வேலை. அவன் எழுதும் பட்டியலில் அவன் நண்பர்கள் ஒருவர் பெயரும் இருக்காது. பள்ளிக்கு வராதவர்களின் பெயர்கள் இருக்கும். இதைக் கண்டுபிடித்த அன்று, எங்கள் வகுப்பாசிரியர் ஆக்னஸ் மிஸ் சாக்பீஸை அவனிடமிருந்து வாங்கி ரேவதியிடம் நீட்டினார்.

"நீ எழுதும்மா. உனக்குத்தான் இங்க பேச ஆளே இல்லையே."

வகுப்பே சிரித்தது. அவளும் கொஞ்சம் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் பள்ளியில் இதற்கு ஒரு முறை உண்டு. முதல் தடவை பேசினால் பெயர். மறுபடியும் பேசினால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. அதற்கும் மேலே போனால் 'அடங்கவில்லை'. பிறகு 'மிகவும் அடங்கவில்லை'. ஜெகதீஷுக்காக ரேவதி 'எதற்கும் அடங்கவில்லை' என்று ஒரு புதிய நிலையை உருவாக்க வேண்டியிருந்தது. அவள் யாருக்கும் சலுகை காட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரே பெண்ணின் பெயரையும் எழுதினாள். அந்தப் பெண் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். பேச ஆள் இல்லாததால் கிடைத்த வேலை அது. அந்த வேலையால், இனிமேல் பேச ஆள் கிடைக்கப்போவதும் இல்லை என்றாகிவிட்டது. இது எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் நான் என்ன செய்திருப்பேன் என்று சொல்லத் தெரியவில்லை.

பன்னிரண்டாம் வகுப்புக்காரர்கள் கடைசி நாளில் எல்லோருக்கும் பட்டப்பெயர் வாசிப்பது வழக்கம். மாணவர், ஆசிரியர் யாரும் தப்ப முடியாது. வருகைப் பதிவேட்டு வரிசையில் பெயரைக் கூப்பிட்டு, பட்டப்பெயரை வாசித்து, கையில் ஒரு சமோசா கொடுப்போம். நான் கட்டுரையில் நல்ல மதிப்பெண் வாங்குபவள் என்பதால், எங்கள் முறை வந்தபோது எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது.

மதிய இடைவேளையில் ஜெகதீஷும் யூசுப்பும் வந்து நோட்டை எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னா கஸ்து, நம்ம லீடரம்மாவுக்கு இன்னா போட்டுகீற?" என்றான் ஜெகதீஷ்.

"இன்னும் போடல."

"போடாத. வுட்டுடு. ரெண்டு வருசமா நம்ம பேரையே எழுதிக்கினு இருந்தா. ஒரு நாளு அவ பேரு இல்லாம இருக்கட்டும்."

"பாவம் மச்சான்," என்றான் யூசுப்.

"இன்னா பாவம்? போன வாரம் தும்முனதுக்கு என் பேர எழுதுனாடா."

"நீ தும்முனது சுப்பராயன் சார் மாதிரி மாமே. அதுக்கு ஹெட்மாஸ்டரே எழுதுவாரு."

நான் சிரித்தேன். சரி என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தை அப்படியே மூடி வைத்தேன்.

மறுநாள்தான் விழா. விழாவுக்கு முந்தின மாலை மிதிவண்டி நிறுத்தும் இடத்தில் ரேவதி எனக்காகக் காத்திருந்தாள்.

"என் பேரு லிஸ்ட்ல இருக்குங்களா?"

நான் பேனா மூடியைக் கடித்துக்கொண்டே, "இருக்கே. ஏன்?" என்றேன்.

"கேலியா இருந்தாலும் பரவாயில்லைங்க. எப்படி வேணா போடுங்க. போடாம மட்டும் விட்டுறாதீங்க." பிறகு அவளே சொன்னாள். "அப்பாவுக்கு மாத்தலாகி மாத்தலாகி எந்தப் பள்ளிக்கூடத்துலயும் கடைசி நாள் வரைக்கும் நான் இருந்ததில்லை. இதுதான் முதல்."

வீட்டுக்குப் போய் நோட்டைத் திறந்தேன். ஒன்று எழுதினேன், கொடூரமாக இருந்தது. இன்னொன்று எழுதினேன், இரக்கப்பட்டு எழுதியதுபோல் இருந்தது. அது இன்னும் மோசம். அவளைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? கையெழுத்து தெரியும். அரவங்காடு தெரியும், அதுவும் பெயர் மட்டும். திருமழிசை தொழிற்பேட்டையில் வேலை முடித்து என் அப்பா வந்தார், சாப்பிட்டார், படுத்தார். அவள் பெயருக்கு எதிரே காலியாகவே இருந்தது. காலையில் அந்தப் பெயரையும் அடித்துவிட்டேன்.

விழா எங்கள் வகுப்பறையிலேயே நடந்தது. முதலில் ஆசிரியர்கள். மணி அடித்த பிறகும் "கடைசியா ஒரே ஒரு கணக்கு" என்று பத்து நிமிடம் பிடித்து வைக்கும் சுப்பராயன் சாருக்கு 'முடிவிலி'. சார் எழுந்து வாங்கிக்கொண்டு, "கடைசியா ஒரே ஒரு சமோசா," என்று இன்னொன்றும் எடுத்தார். யார் எதைச் சொன்னாலும் "எனக்கு அப்பவே தெரியும்" என்னும் ஆக்னஸ் மிஸ்ஸுக்கு 'முன்னறிவிப்பு மையம்'. "இதான் வரும்னு எனக்கு அப்பவே தெரியும்," என்றார் மிஸ்.

பிறகு மாணவர்கள். ஜெகதீஷுக்கு 'எதற்கும் அடங்காதவன்' என்று வாசித்தபோது பெஞ்சுகளைத் தட்டினார்கள். அது என் சொல் இல்லை. ரேவதி கரும்பலகையில் எழுதியது. அதை எடுத்துக்கொண்டு, அவள் பெயரை விட்டிருந்தேன்.

யூசுப்போடு ஆண்கள் முடிந்தார்கள். பெண்கள் வரிசையில் என் பெயரும் முடிந்தது, அடுத்தது ரேவதி. நான் அவளைத் தாண்டி ரோஷினியைக் கூப்பிட வாயெடுத்தேன்.

"ரேவதி எங்கே?" என்றார் மிஸ், பதிவேட்டில் விரலை வைத்தபடி.

ரேவதி எழுந்து நின்றிருந்தாள். தன் முறை வந்துவிட்டது என்று அவளாகவே எழுந்திருந்தாள். துப்பட்டா முனை அவள் விரலில் சுற்றியிருந்தது.

நான் தாளை மடித்தேன். திரும்பி சாக்பீஸை எடுத்து, கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று எழுதினேன். கீழே 'ரேவதி' என்று எழுதினேன். என் எழுத்து கோணலாக இருந்தது.

"ரெண்டு வருசமா இந்த போர்டுல வராத ஒரே பேரு," என்றேன். "வந்து பேசு."

"மொதல்ல பேசட்டும், அப்பறம் எழுது," என்றான் ஜெகதீஷ். "எங்களுக்கு ஒரு நியாயம், அவளுக்கு ஒரு நியாயமா?"

ரேவதி முன்னால் வந்தாள்.

"ஜெகதீஷ் பேரை எழுதறப்பல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துருங்க. திரும்பினா தெரிஞ்சிரும்னு போர்டைப் பார்த்தே நின்னுட்டிருப்பேன். சுப்பராயன் சார் மாதிரி தும்முனப்ப, பேரை எழுதிட்டேன், 'அடங்கவில்லை'ன்னு எழுதத்தான் கை வரலை."

சுப்பராயன் சார் ஜெகதீஷைத் திரும்பிப் பார்த்தார். அவன் பெஞ்சுக்கு அடியில் எதையோ தேடினான்.

"யூசுப் வாயை அசைக்காம பேசுவாங்க. எப்படின்னு கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. கஸ்தூரி பொய் சொன்னா பேனா மூடியைக் கடிப்பாங்க. நேத்து என் பேரு இருக்குன்னு சொன்னப்பவும் கடிச்சாங்க."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. எனக்கு முகம் சுட்டது. ஆனால் அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அதன் பிறகு அவள் நிறுத்தவில்லை. யார் எந்தப் பாடத்தில் தூங்குவார்கள், யார் டிபன் பாக்ஸ் இரண்டாம் பீரியடிலேயே காலியாகும், ஒவ்வொருவராகச் சொன்னாள். இரண்டு வருடம் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றவள் அல்லவா. ஜெகதீஷ் எழுந்து வந்து அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டான். அவள் நிறுத்தவில்லை. 'அடங்கவில்லை' என்று எழுதினான். மணி அடித்தது. அவள் சுப்பராயன் சாரிடம் திரும்பி, "கடைசியா ஒரே ஒரு விஷயம் சார்," என்றாள். ஜெகதீஷ் 'மிகவும்' என்ற சொல்லை இடையில் நுழைத்தான்.

இப்போது அவள் வானகரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். நான் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. நேர்காணல்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்கும்போதெல்லாம் அந்தக் கரும்பலகைதான் நினைவுக்கு வருகிறது. போன மாதம் அவளிடமே கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு நல்ல மனசுல உன்னக் கூப்ட்டேனா, மாட்டிக்கினோமேன்னு கூப்ட்டேனா?"

"ரெண்டுந்தானுங்களே," என்றாள், அதில் யோசிக்க ஒன்றும் இல்லை என்பதுபோல.

அன்று ஆக்னஸ் மிஸ் தன் கைபேசியில் எடுத்த படம் என்னிடம் இருக்கிறது. கரும்பலகைக்கு முன்னால் எல்லோரும் நெருக்கி நின்று பல் தெரியாமல் அடக்கமாகச் சிரிக்கிறோம். நடுவில் ரேவதியின் வாய் மட்டும் திறந்திருக்கிறது. அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.