மூன்று பெட்டிக்கு ஒரே இடம்

குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆனதும் வேலைக்குத் திரும்பினேன். ராயபுரத்தில் ஒரு மாடியில் இருக்கும் சின்ன மென்பொருள் அலுவலகம். ஏற்றுமதி ஏஜெண்டுகள் அனுப்பும் எக்ஸ்எம்எல் ஆவணங்களை ஜாவா ஆப்ஜெக்ட்டுகளாக மாற்றும் பகுதி என்னுடையது. கேட்கத்தான் பெரிதாக இருக்கும். ஆவணத்தில் கப்பல், சரக்கு, கண்டெய்னர் எண் என்று ஒவ்வொரு விவரமும் தன் பெயரோடு வரும். நிரலில் அதற்கு ஓர் இடம் ஒதுக்கி, இன்னது இங்கே வரவேண்டும் என்று குறித்துவிட்டால், நிரப்புவதை லைப்ரரி என்னும் ஆயத்த நிரல் பார்த்துக்கொள்ளும். அதை வைத்துத்தான் லாரிகள் துறைமுகத்துக்குள் போவதற்கான கேட் சீட்டு அச்சாகும்.

எனக்கு எதிலும் சந்தேகம். குழந்தையைத் திருவொற்றியூரில் அம்மாவிடம் விட்டு ஷேர் ஆட்டோ ஏறினால், காலடிப்பேட்டை தாண்டுவதற்குள் இரண்டு முறை போன் செய்துவிடுவேன். "உன்னையும் நான்தான்டி வளர்த்தேன்" என்று அம்மா போனை வைத்துவிடுவாள்.

கண்டெய்னருக்கு இடம் ஒதுக்கியபோதும் சந்தேகம் வந்தது. எனக்குக் கொடுத்த மாதிரி ஆவணத்தில் ஒரே ஒரு கண்டெய்னர். ஒரு சரக்குக்கு இரண்டு மூன்று வந்தால்? இத்தனை நாள் லீவில் இருந்துவிட்டு வந்து இதைக் கூடவா கேட்பது என்று கூச்சப்பட்டு, ஒன்றுக்கு மட்டும் இடம் வைத்தேன்.

ஒரு புதன்கிழமை மதியம் ஏஜெண்ட் ஆபீஸ் கிளார்க் கூப்பிட்டார். குரல் மட்டுமே பழக்கம்.

"இன்னாம்மா உன் சிஸ்டம்? மூணு பொட்டி போட்டு அனுப்ச்சேன். கேட் சீட்டுல ஒண்ணுதான் கீது. மீதி ரெண்டு வண்டியும் ரோட்டுல நின்னுகினு கீது."

"பைல்ல மூணும் இருக்காண்ணா?"

"பின்ன, நான் இன்னா பொய்யா சொல்றேன்? ரெண்டு பொட்டி நிறைய நைட்டிம்மா. நாலு மணிக்குள்ள உள்ள போவலன்னா கப்பல் பூடும். அப்பால நானும் டிரைவருங்களும்தான் மாட்டிகினு சுத்தணும்."

சிரிக்கத் தோன்றவில்லை. மணி இரண்டேகால். பைலைத் திறந்தேன். மூன்று கண்டெய்னரும் இருந்தன. என் ஆப்ஜெக்ட்டில் மூன்றாவது மட்டும். இருந்தது ஒரே இடம். இரண்டாவது வந்து முதலாவதை அழித்தது, மூன்றாவது வந்து இரண்டாவதை அழித்தது. பிழைச் செய்தி ஒன்றும் இல்லை.

டீம் லீட் பக்கத்து மேஜை. எழுந்து போய், "மேடம், தப்பு என்னோடது. பட்டியலா வைக்க வேண்டியதை ஒத்தையா வச்சுட்டேன்" என்றேன்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரை மணி." சொன்னதுமே முக்கால் மணி என்று சொல்லியிருக்கலாமோ என்று தோன்றியது.

அந்த இடத்தைப் பட்டியலாக மாற்றியதும் அதைப் பயன்படுத்திய ஒவ்வொரு வரியும் பிழை என்று திரையில் சிவந்தது. ஒவ்வொன்றாகத் திருத்தினேன். ஒரு கண்டெய்னர், மூன்று கண்டெய்னர் என்று சோதித்துவிட்டு, கண்டெய்னரே இல்லாத ஓர் ஆவணத்தையும் கொடுத்தேன்.

"இது எதுக்கும்மா? பெட்டியே இல்லாம யாரு ஏத்துமதி பண்ணுவா?" என்றார் லீட்.

"யாராவது அனுப்பிட்டா?"

அனுப்பினால் சீட்டு அச்சிடும் பகுதி அப்படியே விழுந்துவிடும் என்று தெரிந்தது. காலிப் பட்டியலில் இல்லாத முதல் பெட்டியைத் தேடிப் போய் விழுந்திருந்தது. லீட் நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். அதையும் சரிசெய்து சர்வரில் ஏற்றியபோது மணி மூன்று பத்து. கிளார்க் அதே பைலை மறுபடி அனுப்பினார்.

"மூணும் வந்துட்சும்மா. சீட்டு எட்துகினு பையன் ஓடுறான்."

"ரெண்டு வண்டியும் உள்ள போனதும் ஒரு போன் பண்ணுங்கண்ணா."

"நீ இன்னாம்மா, வண்டில கீற நைட்டி உன்னுதா?"

ஆனாலும் நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கூப்பிட்டார். இரண்டும் கேட் தாண்டிவிட்டன.

"அண்ணா, தப்பு உங்க பைல்ல இல்ல. நான்தான் தப்பா எழுதியிருந்தேன்."

"தெரியும்மா. வேற யாருன்னா இருந்தா, பைலை மாத்தி அனுப்புன்னு என் தலைல கட்டிட்டு துன்னப் போயிருப்பாங்க. நீ துன்னியா இல்லியா?"

இல்லை என்றேன். லீட் கேட்டுவிட்டுத் தன் டப்பாவைத் திறந்து நீட்டினார். எலுமிச்சைச் சாதம். சாப்பிட்டுக்கொண்டே இருவருமாக மற்ற ஏஜெண்டுகளின் ஆவணங்களைத் திறந்து, வேறு எதெல்லாம் ஒன்றுக்கு மேல் வரக்கூடும் என்று பார்க்க ஆரம்பித்தோம்.