அழுவுற மரத்துக்குத் தண்ணீர்

என் மனைவி கடைசியாக என்னிடம் சொன்னது, மரத்துக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லித்தான். மூன்று நாளாக ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். நான்காம் நாள் பிற்பகல் கண்ணைத் திறந்து, "ஏங்க, வீட்டுக்குப் போய் மரத்துக்குத் தண்ணி ஊத்திட்டு வாங்க" என்றாள். ஐப்பசி மாதம். வேங்கிக்காலில் இருக்கிற வீடு வரைக்கும் மழையில் நனைந்துகொண்டேதான் வண்டி ஓட்டினேன். இரண்டாவது பக்கெட்டைக் கவிழ்க்கும்போது போன் அடித்தது. பேசியது நர்ஸ்.

நான் அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். மேலே இருந்து ஒரு தாள் வந்தால் அதில் சொன்னதைச் செய்வேன். ஏன் என்று கேட்டுப் பழக்கமில்லை. வீட்டில் என் மேலதிகாரி அவள்தான்.

மரத்தை வாங்கியதும் அவள்தான். ஆசிரமம் பக்கம் ஒரு விடுதி வாசலில் பார்த்துவிட்டு, செங்கம் ரோட்டு நர்சரியில் போய்க் கேட்டாள். பாட்டில் பிரஷ் என்றார் நர்சரிக்காரர். பால் புட்டி கழுவுகிற பிரஷ் போலவே சிவப்பாகப் பூக்கும் மரம் அது. "ஆனா இந்த ரகம் நிமுந்து நிக்காதுங்கம்மா. கிளையெல்லாம் தொங்கிக்கினே இருக்கும். அழுவுற மரம்னு சொல்லுவாங்க" என்றார். புது வீட்டு வாசலில் அழுகிற மரம் எதற்கு என்று நான் முனகினேன். "இருக்கட்டும், உங்க மூஞ்சிக்கு ஜோடியா இருக்கும்" என்றாள் அவள். நியாயம்தான். கல்யாணப் போட்டோவிலேயே நான் துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரிதான் நிற்கிறேன்.

கன்றுக்குக் கழி நட்டுக் கட்டியது, நுனி தரையில் புரளாமல் கத்தரித்தது, பூ உதிர்ந்ததும் அது இருந்த நுனியைக் கொஞ்சம் வெட்டிவிட்டது எல்லாம் அவள் கைதான். நான் பேப்பர் படித்தேன். இரண்டாம் வருஷம் மரம் என் தலைக்கு மேலே போய், அங்கிருந்து கீழே வழிந்தது. ஒரு தடவை பூத்தது. ஆனால் கிளை தொங்குவதால் பார்க்கிற எல்லோருக்கும் மரம் வாடிக் கிடப்பதாகத்தான் தோன்றும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்கள் தெருவில் வெளியூர் வண்டிகள் நிற்கும். மலை சுற்றிவிட்டு வருகிறவர்கள் பாட்டிலில் மிச்சம் இருக்கிற தண்ணீரை, "ஐயோ பாவம், யாரும் கவனிக்கல போல" என்று மரத்தடியில் ஊற்றிவிட்டு வண்டி ஏறுவார்கள். அவள் ஜன்னலுக்குள் இருந்து தலையில் அடித்துக்கொள்வாள்.

அவள் போன பிறகு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இதை அழகுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே ஒன்றும் தோன்றவில்லை. எடுத்துக்கொண்டு போகும்போது அழவில்லை, கருமாதிக்கும் அழவில்லை. சொந்தக்காரர் ஒருவர் என் காதுபடவே, "கல்லு மாதிரி நிக்கிறான் பாரு மனுசன்" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. சாப்பிட்டேன், குளித்தேன், சட்டைக்கு இஸ்திரி போட்டேன். எதிர் வீட்டம்மா கொடுத்தனுப்பிய குழம்பில் உப்பில்லை என்று அவரே மறுநாள் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

ஆனால் தண்ணீர் ஊற்றினேன். காலையில் இரண்டு பக்கெட், சாயங்காலம் இரண்டு. ஒரு நாள் தவறவில்லை. கார்த்திகையில் மழை நாலு நாள் விடாமல் பெய்தபோது ஒரு கையில் குடை, ஒரு கையில் பக்கெட். எதிர் வீட்டம்மா கேட்டுக்குள் இருந்தபடியே கத்தினார்: "இன்னா சார் இது, மழையில குடை புடிச்சிக்கினு தண்ணி ஊத்துறீங்க?"

"சொல்லிட்டுப் போயிருக்காம்மா" என்றேன்.

தை மாதம் இலை மஞ்சளாயிற்று. பிறகு உதிர ஆரம்பித்தது. தண்ணீர் பற்றவில்லை போல என்று மூன்று பக்கெட் ஆக்கினேன். இன்னும் உதிர்ந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அவள் சொன்னது ஒரே ஒரு வேலை. அதைச் செய்யப் போனதால்தான் கடைசி நேரத்தில் அவள் பக்கத்தில் நான் இல்லை. இந்த மரமும் பட்டுப்போனால் அன்றைக்கு நான் போனதற்கு அர்த்தமே கிடையாது. நர்சரிக்குப் போய் அந்த மனிதரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தேன்.

வந்தவர் மரத்தைப் பார்க்கவேயில்லை. குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிழிந்தார். விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தது. மண்வெட்டியால் ஓரமாகக் கொத்தி, கையை விட்டுத் துழாவி, கறுத்துப்போன வேர் ஒன்றை இழுத்தார். முகர்ந்து பார்த்துவிட்டு, "அழுவுது சார்" என்றார்.

"அது அழுவுற மரம்தானுங்களே. வாங்கும்போதே சொன்னீங்க."

"அந்த அழுவுறது இல்ல சார். வேரு அழுவுது." என் மூக்குக்கு நேரே நீட்டினார். நாற்றம். எங்கள் பக்கத்துப் பேச்சில் அழுவதற்கும் அழுகுவதற்கும் ஒரே சொல்தான். இத்தனை வயதுக்கு அன்றைக்குத்தான் அது என் காதில் உறைத்தது.

"ஜாஸ்தி தண்ணி. வேற ஒண்ணும் இல்ல. பாதி வேரு நல்லாத்தான் இருக்குது, பொழைச்சிக்கும். ஈர மண்ணை எடுத்துட்டு மணல் கலந்து போடுறேன். ஒரு மாசத்துக்கு ஒரு சொட்டு காட்டாதீங்க."

"அது முடியாதுங்க."

"ஏன் சார்?"

"அவ ஊத்தச் சொல்லிட்டுப் போயிருக்கா."

அவர் நிமிர்ந்தார். "அம்மாவா? எப்ப சொன்னாங்க?"

"ஐப்பசியில. ஆஸ்பத்திரியில இருந்தப்ப."

"சொல்லியிருக்க மாட்டாங்க சார்" என்றார் உறுதியாக. "இது பழைய நெல் வயலு, களிமண்ணு, தண்ணி இறங்காது. மழை புடிச்சா தை வரைக்கும் ஊத்தவே கூடாதுனு நான் படிச்சிப் படிச்சி சொன்னேன். அவங்களும் அப்படித்தான் பாத்துக்கினாங்க. போன மழைக்கு எதிர் வீட்டம்மா பாவம்னு ஊத்த வந்தாங்களாம், இவங்க ஓடிப் போயி சொம்பைப் புடுங்கிட்டாங்களாம். கடைக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க சார்."

"அவ சொன்னா" என்றேன். "நான் பக்கத்துலதான் இருந்தேன்."

அவர் மறுபடி கொத்த ஆரம்பித்தார். நான் குழி ஓரத்தில் உட்கார்ந்தேன். அவளுடைய அம்மா போகும்போது மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்ததை அவள் பக்கத்தில் இருந்து பார்த்தவள். அதற்கப்புறம் ஒரு வருஷம் அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை. அந்தச் சத்தத்தை மறக்கவே முடியவில்லை என்பாள். தனக்கு நேரம் வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வாங்க என்றால் நான் போயிருக்க மாட்டேன். வேலை என்றால் போவேன். கொட்டுகிற மழையில் மரத்துக்கு எதற்குத் தண்ணீர் என்று ஒரு வார்த்தை கேட்காமல் போவேன். முப்பது வருஷம் என்னோடு இருந்தவளுக்கு அது தெரியாதா?

"மணல் எத்தனை மூட்டை வேணும்?" என்று நர்சரிக்காரரிடம் கேட்டேன். பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது. அவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, சேற்றுக் கையோடு என் தோளைப் பிடித்துக்கொண்டார்.