பத்து 'அருமை'க்குப் பிறகு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. கடையில் ஒருவர் தகரத்துக்கு அடிக்கிற ஆணி அரைக் கிலோ கேட்டு நின்றார். வலது கையால் ஆணியைத் தராசில் கொட்டிக்கொண்டே, இடது கையால் போனில் ஒரு 'அருமை'யும் இரண்டு கைதட்டல் பொம்மையும் போட்டேன்.

அவர் எட்டிப் பார்த்தார். சிங்களத்தில் கேட்டார்.

"யாருக்கு மாத்தயா கைதட்டுறீங்க?"

"ஒரு கவிதைக்கு."

"நல்ல கவிதையா?"

"தெரியாது. இன்னும் வாசிக்கல."

ஆணியை வாங்கிக்கொண்டார். ஆனால் போகும்போது தராசு முள்ளை இன்னொரு தடவை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

வாராவாரம் இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்குத் தெரியும் — நான் பலாங்கொடையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவன். ஆணி, பெயின்ட், தண்ணீர்க் குழாய். இருபத்திரண்டு வருடத்தில் என் தராசை ஒருவரும் சந்தேகித்ததில்லை. அன்றைக்கு ஒரு 'அருமை'யால் அந்தப் பெயர் போனது.

விஷயம் இதுதான். எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் கவிதைக் குழு இருக்கிறது. பெயர் 'ஈரக்கூடை'. இரத்தினபுரி, கேகாலை தோட்டங்களில் கவிதை எழுதுகிறவர்கள் அறுபது பேர் அதில் இருக்கிறோம். அட்மின், கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்ட ஆபீசில் வேலை செய்யும் மணிவேல். நல்ல மனிதர். சேருகிறவர்களுக்கெல்லாம் ஒரு பட்டம் கொடுத்துவிடுவார். தனக்குத் தானே 'கவித்தென்றல்' கொடுத்துக்கொண்டார். எனக்குக் 'கவிமலை' கிடைத்தது. என் போட்டோவைப் பார்த்துக் கொடுத்திருக்க வேண்டும்.

ஆரம்பத்தில் ஒரே நேரத்தில் எட்டுப் பேர் கவிதை போட்டார்கள். எவர் கவிதையையும் எவரும் பார்க்கவில்லை. கோபித்துக்கொண்டு சிலர் வெளியே போனார்கள். மணிவேல் யோசித்து ஒரு சட்டம் கொண்டுவந்தார். ஒருவர் கவிதை போட்டால், பத்துப் பேர் பாராட்டிய பிறகுதான் அடுத்தவர் போடலாம்.

என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? எல்லோரும் ஆழ்ந்து வாசிக்கத் தொடங்கினார்களா?

பத்து 'அருமை' விழாமல் தன் கவிதை வெளியே வராது. அதனால் முன்னால் நிற்கிற கவிதையை எவ்வளவு சீக்கிரம் பாராட்டி அனுப்புகிறோமோ, அவ்வளவு நல்லது. நாற்பது வரிக் கவிதைக்குப் பதினைந்தாவது செக்கனில் "நெஞ்சைத் தொட்டது" வரும். பத்தாவது வந்ததும் மணிவேல் எழுதுவார்: "பத்து வந்துவிட்டது. அடுத்தவர் போடலாம்."

மூன்று வருடமாக இப்படித்தான். ஒருவருக்கொருவர் அவ்வளவு உற்சாகம் கொடுத்துக்கொண்டோம். அந்த உற்சாகத்தில் ஒரு தொகுப்பு போடுவதென்று முடிவாயிற்று. கவிதை கொடுத்தவர்கள் நாற்பத்தெட்டுப் பேர்; ஆளுக்கு ஒரு பக்கம், ஒரு பக்கத்துக்கு இருபது வரி. இரத்தினபுரி அச்சகக்காரர் நாற்பத்தெட்டுப் பக்கத்துக்கு மேல் ஒரு பக்கமும் முடியாது என்று சொல்லிவிட்டார். என்னைத் தொகுப்பாசிரியராகப் போட்டார்கள். என் கடையில் பெரிய மேசை இருக்கிறது என்பதுதான் காரணம்.

ஆணிக்காரர் போன அன்று பின்னேரம், அந்த மேசையில் உட்கார்ந்து, முதல் தடவையாகக் கவிதைகளை உண்மையிலேயே வாசித்தேன். தராசைத் திரும்பப் பார்த்த அந்தப் பார்வை உறுத்திக்கொண்டே இருந்தது.

யோகேஸ்வரியின் கவிதை இருபத்தெட்டு வரி இருந்தது. யோகேஸ்வரி, பலாங்கொடைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். முப்பத்தைந்து வயதிருக்கும். குழுவில் பட்டம் வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள். கவிதையின் பெயர் 'போத்தல்'. மலைக்குக் கொண்டுபோகிற தேத்தண்ணீர்ப் போத்தலைப் பற்றியது. காலையில் அதைத் தேயிலைச் செடிக்கு அடியில் ஒளித்து வைப்பது, நிரையில் முன்னேறிப் போனபின் எந்தச் செடி என்று மறந்து தேடுவது, கடைசியில் தேத்தண்ணீர் ஆறிப்போவது… நன்றாக எழுதியிருந்தார். நடுவில் இப்படி நான்கு வரி:

மேற்கே சூரியன்
பொன்னாய் உருகி
என் போத்தலில் இறங்க
நான் பொன் குடித்தேன்

இந்த இடத்துக்குத்தான் குழுவில் கைதட்டல் அதிகம். பழைய செய்திகளைப் புரட்டினேன். "பொன் குடித்தேன்… ஆஹா!" என்று ஒருவர் உருகியிருந்தார். பெயரைப் பார்த்தேன். நான்தான்.

முடிவு இப்படி:

மூடியைத் தொலைத்தவள் மல்லிகா
துணி சுற்றி அடைத்தவள் பாக்கியம்
கடைசி வாயை மிச்சம் வைப்பவள் ஜெயந்தி
அதை எறும்புக்கு ஊற்றுபவள் சரசு

எனக்குள் இருந்த தொகுப்பாசிரியர் விழித்துக்கொண்டார். குழுவிலேயே எழுதினேன்: "யோகேஸ்வரி, எட்டு வரி குறைக்க வேண்டும். கடைசி நான்கு வரி தேவையில்லை. வெறும் பெயர்ப் பட்டியல். தேத்தண்ணீர் ஆறிய இடத்திலேயே கவிதை முடிந்துவிட்டது. மற்ற நான்கை நான் பார்த்துக்கொள்கிறேன்."

குழுவின் வரலாற்றில் முதலாவது விமர்சனம். பெருமையாக இருந்தது. குழு அதை எப்படி எடுத்துக்கொண்டது தெரியுமா? "அருமையான விமர்சனம்!" என்று பத்துப் பேர் எழுதினார்கள். மணிவேல் அடுத்தவரைப் போடச் சொன்னார்.

யோகேஸ்வரி மறுநாள் மத்தியானம் "சரி சேர்" என்று மட்டும் எழுதினார். அதற்கு அடுத்த மத்தியானம் தனியாக எனக்கு ஒரு செய்தி வந்தது. "என் கவிதைய புத்தகத்துல போட வேணாம் சேர். எடுத்துருங்க."

ஏன் என்று கேட்டேன். பதில் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. குழுவிலும் ஆளைக் காணோம்.

மூன்று வருடம் பொய் சொன்னேன், எல்லோரும் எழுதினார்கள். ஒரு நாள் உண்மை சொன்னேன், இருந்த ஒரே நல்ல கவிஞர் நிறுத்திவிட்டார். அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய நாள் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின புதன்கிழமை கடையை மனைவியிடம் விட்டுவிட்டுத் தோட்டத்து பஸ்ஸில் ஏறினேன்.

"கவிதைக்காகவா போறீங்க?" என்றாள் மனைவி.

"ஆமா."

"வரும்போது ஈரப்பலாக்காய் ரெண்டு வாங்கிட்டு வாங்க."

தோட்டத்தில் இறங்கும்போது மழை தூறியது. மத்தியானக் கொழுந்து நிறுக்கிற நேரம். மடுவத்தில் — கொழுந்து நிறுக்கிற அந்தத் தகரக் கொட்டகையில் — பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். இடுப்பில் கட்டிய படங்குத் துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மூலைத் தூணுக்குப் பக்கத்தில் யோகேஸ்வரி நின்றார். கையில் பொலித்தீன் பைக்குள் போட்ட போன். என்னைக் கண்டதும் திடுக்கிட்டுப் போனார்.

"சேர்! நீங்க இங்க?"

பின்னால் நின்ற பெண் திரும்பினாள். "ஆரு, ஆணிக்கடை சேரா? எங்க பேர வெட்டச் சொன்னவரு?"

"மல்லிகாக்கா!" என்று யோகேஸ்வரி அவளை அடக்கினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள்தான் மூடியைத் தொலைத்த மல்லிகா.

மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. அந்தத் தோட்டத்தில் அந்த மூலைத் தூணில்தான் சிக்னல் கிடைக்கும். மத்தியானம் நிறுவைக்கு வரும்போது யோகேஸ்வரியின் போனில் குழுச் செய்திகள் மொத்தமாக வந்து விழும். வரிசை நகரும்வரை அவர் அதைச் சத்தமாக வாசிப்பார். மல்லிகா, பாக்கியம், ஜெயந்தி, சரசு நாலு பேரும் கேட்பார்கள். எங்கள் கவிதைகள் அத்தனையும். எங்கள் 'அருமை'கள் அத்தனையும்.

என் விமர்சனமும் அப்படித்தான் வாசிக்கப்பட்டிருக்கிறது. 'வெறும் பெயர்ப் பட்டியல்' — அந்தப் பெயர்களுக்கு முன்னால்.

"அந்த நாலு வரி நான் எழுதினது இல்ல சேர்" என்றார் யோகேஸ்வரி. "அது அவங்கவங்க சொன்னது. என்னையப் பத்தி நீ என்ன எழுதுவே, நானே சொல்றேன்னு ஆளுக்கு ஒரு வரி சொன்னாங்க. நான் போன்ல அடிச்சேன், அவ்வளவுதான்."

"எறும்புக்கு ஊத்துறேன்னு நான்தான் சொன்னேன்" என்றாள் சரசு. "நெசமா ஊத்துவேன்."

மல்லிகா விடுவதாக இல்லை. "எங்க பேரு தோட்டத்துச் சம்பளச் செக்ரோல்ல இருக்கு சேர், வோட்டர் லிஸ்ட்ல இருக்கு. ஒரு புத்தகத்துல வரப்போகுதுன்னு வீட்ல சொல்லிட்டோம். எம் மகன் ஸ்கூல்லயும் சொல்லிட்டான். இப்ப போயி வெட்டிட்டாங்கன்னு எப்படிச் சொல்றது?"

"இவங்க நாலு பேரையும் வெட்டிட்டு நான் மட்டும் எப்படி சேர் புத்தகத்துல ஏறுறது?" என்றார் யோகேஸ்வரி. "நாளைக்கும் இவங்களோடதானே மலைக்குப் போகணும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் பக்கக் கணக்கைச் சொன்னேன். ஒரு பக்கம். இருபது வரி. அச்சகக்காரர் அசைய மாட்டார்.

"அப்ப சூரியன வெட்டுங்க" என்றாள் பாக்கியம்.

"அது நல்ல இடமாச்சே" என்றேன்.

"நாங்க தேத்தண்ணி குடிக்கிறது காலையில பத்து மணிக்கு. பத்து மணிக்கு மேக்கால எங்கிருந்து சூரியன் வந்திச்சு?"

நான் யோகேஸ்வரியைப் பார்த்தேன். அவர் கூடைக் கயிற்றைப் பார்த்தார்.

"அது குரூப்புக்காகப் போட்டது சேர்" என்றார் மெதுவாக. "சூரியன் இல்லாட்டி பத்துப் பேர் சேர மாட்டேங்குறாங்க."

அறுபது கவிஞர்கள். மூன்று வருடம். ஒருவருக்கும் மணி தெரியவில்லை. எனக்கும்தான்.

சூரியனை அங்கேயே நின்றபடி வெட்டினோம். நான்கு வரி போயிற்று. மீதி இருபத்துநாலு. இன்னும் நான்கு வரி வழிந்தது. மறுபடி மேலிருந்து கீழே வாசித்துப் பார்த்தோம். போத்தலை ஒளிக்கிற இடத்தை வெட்டினால் தேடுகிற இடம் நிற்காது. தேடுவதை வெட்டினால் ஆறிப்போவது நிற்காது. இனி வெட்டுவதென்றால் அந்த நாலு பேரைத்தான் வெட்ட வேண்டும்.

வரிசை நகர்ந்தது. மல்லிகாவின் கூடை தராசில் தொங்கியது. நனைந்த கொழுந்துக்கென்று நிறையில் கொஞ்சம் கழித்தார்கள். அவள் முகம் சுருங்கியது. அதே முகத்தோடு என் பக்கம் திரும்பினாள்.

"ஒங்க மழைக் கவிதையும் கேட்டோம் சேர். புத்தகத்துல போடுறதுக்கு அனுப்பினது."

என் கவிதை 'மழைப் பூக்கள்'. இருபது வரி, கச்சிதமாக. பதினோரு நிமிடத்தில் பத்து 'அருமை' வாங்கியது.

"மழை பூ மாதிரி விழுதுன்னு இருக்கே… எங்கிருந்து பார்த்தீங்க?"

"கடையிலருந்து."

"அதான்" என்றாள்.

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மூன்று வருடத்தில் என் கவிதைக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது. ஒரே ஒரு சொல். திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஈரப்பலாக்காயை மறந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை கடையைத் திறந்ததும் மேசையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். யோகேஸ்வரிக்கு இரண்டு பக்கம் வேண்டும். இருப்பது நாற்பத்தெட்டு. யாராவது ஒருவர் இறங்க வேண்டும். யாருடைய கவிதை இல்லாவிட்டால் தொகுப்புக்குக் குறைவில்லை? எல்லாவற்றையும் இன்னொரு தடவை வாசித்தேன். பதில் கண்டுபிடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை.

குழுவில் எழுதினேன். நான்கைந்து தடவை அழித்து எழுதினேன். "நண்பர்களே, யோகேஸ்வரியின் 'போத்தல்' கவிதைக்கு இரண்டு பக்கம் தேவைப்படுகிறது. எனவே என் 'மழைப் பூக்கள்' கவிதையைத் தொகுப்பிலிருந்து விலக்கிக்கொள்கிறேன். என் மனம் கனத்தாலும் இதுவே சரி என்று நினைக்கிறேன்."

அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். உள்ளதைச் சொல்கிறேன் — யாராவது ஒருவர் "ஐயோ, வேண்டாம்" என்று எழுதுவார் என்று எதிர்பார்த்தேன். ஒருவராவது.

முதல் பதில் பத்தாவது செக்கனில் வந்தது.

"அருமை!"

பிறகு "சிறப்பு". பிறகு மூன்று கைதட்டல். "நெஞ்சைத் தொட்டது." "மழையே விலகிப் போகும் வலி… ஆஹா!" இரத்தினபுரியிலிருந்து ஒருவர், "தொடர்ந்து எழுதுங்கள் கவிமலை" என்று வாழ்த்தினார். ஏழு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. மணிவேல் எழுதினார்: "பத்து வந்துவிட்டது. அடுத்தவர் போடலாம்."

அடுத்தவர் போட்டார். நிலவைப் பற்றி. நான் வாசித்தேன். அதற்கு 'அருமை' போடவில்லை. என்ன போடுவதென்றும் தெரியவில்லை.

பன்னிரண்டரை மணிக்கு, மூலைத் தூணிலிருந்து, பதினோராவது வந்தது.

"இப்பதான் சேர் எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேன். நம்ம பேரு நிக்குதுன்னு ஜெயந்தி அழுதுருச்சு. அந்த மழைய எடுத்தது நல்லதுதான்னு மல்லிகாக்கா சொல்றாங்க. அடுத்த மழைக் கவிதைய மலைக்கு வந்து எழுதுங்களாம். குடை கொண்டு வரக் கூடாதாம்."