முதலைத் தொட்டிக் காவலாளி

பாகூர் பக்கம் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில், ராட்டினத்துக்குப் பின்னால் சின்னதாக ஒரு மிருகக்காட்சிசாலை இருந்தது. அதன் காவலாளி ஒல்லியானவர். தொளதொளவென்று சீருடை, முகத்தை மீறிய மீசை. யார் வந்தாலும் பச்சைத் தண்ணீர் நிறைந்த தொட்டியைக் காட்டி, "சத்தம் போடாதீங்க, முதலை தூங்குது" என்று கிசுகிசுப்பார்.

குருவிநத்தத்திலிருந்து வந்த ஒரு அம்மா விடவில்லை. "இன்னாப்பா, எம்மா நேரமா நிக்கறேன், ஒரு வாலு கூடத் தெரியல?"

"அதுக்குக் கூச்சம்மா."

கூட்டம் நகர்ந்ததும், உள்ளே நிஜமாகவே முதலை இருக்கிறதா என்று நான் மெல்லக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"மானு, மயிலு, முதலை எல்லாத்தையும் அதிகாரிங்க எப்பவோ லாரியில ஏத்திக்கினு பூட்டாங்க சார். மிச்சம் நாலஞ்சு வாத்துங்கதான். வர்ற ஜனங்க ஏமாந்து போவக்கூடாதுன்னு நான்தான் இப்படிச் சொல்லிக்கினு கீறேன்."

அப்போது அடித்த காற்றில் அவருடைய தொப்பி பறந்து தொட்டிக்குள் விழுந்தது.

"முழங்கால் தண்ணிதானே, இறங்கி எடுங்களேன்" என்றேன்.

அவர் தண்ணீரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எங்கேயோ போய், நீளமான மூங்கில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அந்த அம்மாவிடம் சொன்னது பொய்யா, என்னிடம் சொன்னது பொய்யா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.